"அருமை" என்று சொல்லிக் கெடுக்காதீர்கள்

மாசி பிறந்தால் திண்டுக்கல் முழுக்க பேனர்தான். கோட்டை மாரியம்மன் திருவிழா அல்லவா! அந்தச் சமயத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் வரைந்த கருப்பசாமி படத்தைச் செல்போனில் காட்டினான். பார்த்தவர்களில் பாதிப் பேர் "சூப்பர் தம்பி" என்றார்கள். ஒருவர், "இதெல்லாம் ஒரு படமா? அந்தக் காலத்தில..." என்று ஆரம்பித்தார். பையன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இந்த இரண்டு பேச்சுமே அவனுக்கு உதவாது என்பது என் கட்சி. பிள்ளை மனசு நோகக் கூடாது என்பீர்கள். அவன் இதை வைத்துத்தான் பிழைக்கப் போகிறான். இன்று நாம் சொல்லாத குறையை நாளை வேலை கொடுப்பவன் சொல்ல மாட்டான். வேறு ஆளிடம் போய்விடுவான்.

குறை என்ன? முகம் சிவகாசி காலண்டர் சாமியின் மென்மை. உடம்பு வீடியோ கேம் வீரன் போல எண்ணெய் தடவிய பளபளப்பு. குதிரை தட்டையான நிறத்தில், கறுப்புக் கோடு போட்டு. பின்னால் பனிமலை. நிலா இடப்பக்கம், முகத்தில் வெளிச்சமோ வலப்பக்கம். தனித்தனியே எல்லாம் அழகு. சேர்த்துப் பார்த்தால் நாலு வீட்டுக் குழம்பை ஒரே இலையில் ஊற்றிய மாதிரி.

அதற்காக "பழசோடு புதுசைக் கலக்காதே" என்று உபதேசம் செய்வதும் தப்பு. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) கலக்காததா? நாடகத் திரைச்சீலை வரைந்த கை அது. மேனாட்டு நிழல்-வெளிச்சத்தை நம் முருகனுக்கும் லட்சுமிக்கும் கொண்டுவந்தார். ஆனால் சாமி முகத்தில் இருக்கும் குழைவு நகையிலும் பூவிலும் மயிலிலும் இருக்கும். கலந்தது தெரியாமல் ஒன்றாகிவிடும். கேட்க வேண்டியது அதைத்தான்: கலந்தாயா என்றல்ல, ஒன்றாயிற்றா என்று.

மறுநாள் அவனைத் திண்ணைக்குக் கூப்பிட்டேன். "முகம் நல்லா வந்திருக்குப்பா. அந்த மென்மையை உடம்புக்கும் குதிரைக்கும் கொடு. நிலா எந்தப் பக்கமோ வெளிச்சம் அந்தப் பக்கம்." இரண்டே குறை. பிறகு ஒரு கேள்வி: "சிறுமலை தெரியுற ஊர்ல பனிமலை எதுக்கு?" சிரித்துவிட்டான்.

இரண்டு நாளில் திரும்பி வந்தான். வெளிச்சம் சரி. பளபளப்பு போய்விட்டது. பனிமலை சிறுமலை ஆகியிருந்தது. புடைத்த புஜம் மட்டும் அப்படியே. "அது இருக்கட்டும் சார், பசங்களுக்கு அதான் பிடிக்குது" என்றான். இருக்கட்டும். படம் அவனுடையது, என்னுடையதல்ல.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளை படம் காட்டினால், வாயைத் திறக்கும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பாருங்கள். நன்றாக வந்த இடம் ஒன்று, ஒட்டாத இடம் ஒன்று, விரல் வைத்துக் காட்டுங்கள். "அருமை"யை அதற்குப் பிறகு சொல்லலாம்.