கேசரி கலரும் ஈ நம்பரும்: மடப்பள்ளியிலிருந்து ஒரு வேண்டுகோள்

கோயில் மடப்பள்ளியில் தொண்டு செய்கிறவன் நான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு ஓர் அம்மா பத்து பாக்கெட் பிஸ்கட் கொண்டு வந்தாங்க. இன்னொரு அக்கா அதைத் திருப்பிப் பார்த்துட்டு, "ஈ நம்பர் போட்டிருக்கு, வாட்ஸ்அப்ல வந்துச்சே, இதெல்லாம் விஷம்"னு ஓரமா வச்சிட்டாங்க. கொண்டு வந்தவங்க முகம் வாடிப்போச்சு. அதே நேரம் நான் கேசரிக்குக் கலர் போட்டுக்கிட்டிருந்தேன். சின்ன பிளாஸ்டிக் பையில் இருந்த பொடி. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. அதைப் பத்தி யாரும் கேட்கல. நானும் யோசிக்கல.

வீட்டுக்கு வந்துதான் உறுத்துச்சு. நாம் பயப்பட வேண்டியதை விட்டுட்டு வேறெதுக்கோ பயப்படுறோம்.

நம்பர்னா விஷம் இல்லை. 100 மஞ்சளில் இருக்கும் நிறம். 300 வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. ஒரு பொருளைச் சோதித்து, இவ்வளவு வரை சேர்க்கலாம் என்று அனுமதித்த பிறகு கொடுக்கும் அடையாளம்தான் அந்த நம்பர். விலங்குகளுக்குப் பாதிப்பு தராத அளவைக் கண்டுபிடித்து, பொதுவாக அதில் நூறில் ஒரு பங்கைத்தான் மனிதருக்கு வரம்பாக வைக்கிறார்கள்.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடச் சொல்லல. 102, 110 போன்ற கலர்கள் சில பிள்ளைகளின் துறுதுறுப்பைக் கூட்டலாம் என்று ஐரோப்பாவில் 2010 முதல் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். ஆனா நம்பர் இருந்தாத்தானே நாம் பார்த்து ஒதுக்க முடியும்? பேரே இல்லாத பொடியில் என்னத்தைப் பார்ப்பது? 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கா? அதில் இருந்தது ரோடமைன் பி. துணிக்குப் போடும் சாயம்.

இன்னொரு விஷயம், நம்ம சைவம். 120 என்ற சிவப்பு பூச்சியிலிருந்து எடுப்பது. 471 செடிக் கொழுப்பிலும் வரும், மிருகக் கொழுப்பிலும் வரும். ஜெலட்டின் மிருகத் தோல், எலும்பிலிருந்து வருவது. ஹலால் முத்திரை இருந்தா சைவம்னு நிறைய பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுப்பது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய் பாக்கெட்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்க.

அதனால் மூணே வேண்டுகோள்.

🙏 பேர் இல்லாத கலர் பொடியை மடப்பள்ளிக்கு வாங்கித் தராதீங்க. கேசரிங்கிற பேரே குங்குமப்பூவிலிருந்து வந்ததுதான். அது கட்டுப்படியாகலைன்னா ஒரு சிட்டிகை மஞ்சள் போதும். பந்தலில் கொடுக்கும் சிரப் தண்ணிக்கும் இதே கணக்குதான்.

🙏 உபயப் பொருள் வாங்கும்போது 120, 471, ஜெலட்டின் இந்த மூணை மட்டும் பாருங்க. 471-க்குப் பக்கத்தில் செடியிலிருந்து எடுத்தது என்றோ, பாக்கெட்டில் சைவ முத்திரையோ இருந்தால் கவலை இல்லை. இந்தியப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும்.

🙏 சந்தேகம் இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. கொண்டு வந்தவங்களை நாலு பேர் முன்னாடி நோகடிக்காதீங்க. அன்னதானத்தில் மனசும் சேர்ந்துதான் பரிமாறப்படுது.

அந்தப் பொடியை நான் அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். இந்த வெள்ளி கேசரி கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். ருசி குறையாது, வாங்க.

முருகா சரணம்.