பத்து விழுக்காடு வரை சலுகையா?

1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு மிக அருகில் கடக்கவிருந்தது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனையே பார்த்திருந்தது. கோள் நெருங்குமுன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்தப் பதிவை வைத்து, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். விமானத்தில் பறந்து அதே நிகழ்வைப் பதிவுசெய்த அமெரிக்கக் குழுவின் கட்டுரையும் அதே இதழில் வந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதாக அது சொன்னது.

வளையங்கள்தான் சரி. காவலூர்க் கட்டுரையின் முடிவு பிழைபட்டது, பதிவு பிழைபடவில்லை. அதே பதிவை மறுபடி ஆராய்ந்து, வளையங்களைப் பற்றிய கட்டுரையை அந்த ஆண்டு முடியுமுன்னரே காவலூர் வெளியிட்டது. தாங்கள் கண்டதைத் தங்கள் பெயரில் எழுதினார்கள். தவறியதைத் தாங்களே திருத்தினார்கள். ஆய்விதழில் பிழை வரலாம். அடுத்தவர் கண்டதைத் தன் கண்ணால் கண்டதாக எழுதுவது வரலாகாது. இந்த வேறுபாட்டைக் காக்கத்தான் ஆய்வுத் திருட்டுக்கு எதிரான விதிகள் தேவை. நம்மிடம் இருக்கும் விதிகளோ விழுக்காட்டைக் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, திருட்டை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. பிற ஆக்கங்களோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை ஏதுமில்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டு ஊதிய உயர்வும், இரண்டாண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவர்களை ஏற்கும் உரிமையும் போகும். 60-ஐத் தாண்டினால் இரண்டு ஊதிய உயர்வுகள், மூன்றாண்டுத் தடை.

சட்ட வாசகங்களும் சூத்திரங்களும் செய்முறை விளக்கங்களும் எல்லாக் கட்டுரைகளிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கொஞ்சம் தளர்வு வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தளர்வை ஒழுங்குமுறை தனியாகவே தந்துவிட்டது. முறையாகச் சுட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், சமன்பாடுகள், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்கள் ஆகியவற்றை நீக்கிய பிறகே கணக்குத் தொடங்குகிறது. அப்படியும் எஞ்சி நிற்கும் ஒற்றுமைக்குத்தான் 10 விழுக்காடு வரை மன்னிப்பு. ஐம்பது பக்க ஆய்வேட்டில் அது ஐந்து பக்கம். ஆய்வின் உயிரான முடிவுரை முழுவதும் அந்த ஐந்து பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இது மானியக் குழுவுக்குத் தெரியாததல்ல. ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், நோக்கீடுகள், முடிவுகள் போன்ற மையப் பகுதிகளில் திருட்டை அறவே பொறுக்க முடியாது என்று 2017-இல் அது வெளியிட்ட வரைவு சொன்னது. இறுதி வடிவத்தில் அந்தப் பிரிவு காணாமல் போனது. அதை மீண்டும் சேர்ப்பதே முதல் சீர்திருத்தமாக இருக்க வேண்டும்.

ஒற்றுமையைக் கணக்கிடும் மென்பொருளை ஏமாற்றுவதும் இன்று கடினமில்லை. பிறர் கட்டுரையை எடுத்து, சொற்களை மட்டும் இயந்திரத்தால் மாற்றிவிட்டால் ஒற்றுமை விழுக்காடு சரிந்துவிடும். அப்படி மாற்றும்போது 'செயற்கை நுண்ணறிவு' என்பதற்கு ஈடாகப் 'போலி உணர்வு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் அச்சேறியதை 2021-இல் பிரெஞ்சு ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் அம்பலப்படுத்தினார்கள். துறை அறிந்த ஒருவர் படித்திருந்தால் முதல் பத்தியிலேயே சிரித்திருப்பார். படிக்க ஆளில்லாத இடத்தில் மென்பொருள் சான்றிதழ் வழங்குகிறது.

நம் நாட்டின் பழைய வழக்குகளும் இதையே சொல்கின்றன. திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட ஏறத்தாழ 70 கட்டுரைகள் திருட்டு அல்லது புனைவு என்று 2008-இல் தெரியவந்தது. அத்தனையும் பன்னாட்டு இதழ்களின் மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை. குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான புகாரோ, ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்குக் கடிதம் எழுதிய பிறகே சூடுபிடித்தது. 2003-இல் அவர் பதவி விலகினார். வீட்டுக்குள் நடந்த திருட்டை ஊரார் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய விசாரணைக் குழுவிலும் வெளியாள் ஒருவர்தான். தலைமை அந்தந்த நிறுவனத்திடமே இருக்கிறது. வெளியாட்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். விசாரணை முடிவுகளை நிறுவனத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

திருடுகிறவரைத் திருடத் தூண்டுவது எது? எண்ணிக்கை. பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை, தரவரிசைக்கு இத்தனை கட்டுரை என்று கேட்டால், கட்டுரையை விலைக்கு விற்கும் கடைகள் முளைக்கத்தான் செய்யும். 2018 மே மாதம் ஒரே மூச்சில் 4,305 இதழ்களைத் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து மானியக் குழு நீக்கியதிலிருந்தே அந்தச் சந்தையின் அளவு விளங்கும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022-இல் தளர்த்தியது நல்ல முடிவு. ஆசிரியர் நியமனத்துக்கும் அதே அளவுகோல் வர வேண்டும்: விண்ணப்பிப்பவர் தன் சிறந்த மூன்று கட்டுரைகளை மட்டும் தரட்டும், தேர்வுக் குழு அவற்றை உண்மையிலேயே படிக்கட்டும்.

எந்த மென்பொருளும் தொடமுடியாத திருட்டு ஒன்றும் உண்டு. காவலூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய மருந்துச் செடிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் பல வந்துள்ளன. இன்ன இலை இன்ன நோய்க்கு என்று ஒரு வைத்தியர் வாய்மொழியாகச் சொன்னதை ஆய்வாளர் தன் கண்டுபிடிப்பாக எழுதினால், ஒற்றுமை விழுக்காடு சுழியம் என்றே வரும். அச்சில் இல்லாத அறிவை எதனோடு ஒப்பிடுவது?

இதற்கு ஒரு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அகத்தியமலைக் காட்டில் 1987-இல் வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைப்பின்றி நடப்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கிய பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனம், உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன. ஆனாலும் அறிவு யாருடையது என்ற கேள்விக்கு அது நேர்மையாக விடை சொன்னது.

ஆய்விதழ்கள் இதையே நிபந்தனையாக்க வேண்டும். களத் தகவல் தந்தவர்களின் ஒப்புதலும், அவர்கள் விரும்பினால் அவர்களின் பெயரும் இல்லாத கட்டுரையை ஏற்கக் கூடாது. கள நாட்குறிப்பையும் மூலத் தரவையும் கட்டுரையோடு கேட்டு வாங்க வேண்டும். வார்த்தையை மாற்றி எழுத இயந்திரம் உண்டு. செய்யாத ஆய்வுக்கு நாள்தோறும் குறிப்பெழுதிக் காட்டுவது அவ்வளவு எளிதல்ல.

யுரேனஸின் வளையத்தைத் துணைக்கோள் என்று எழுதிய கட்டுரையைக் காவலூர் ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் எழவில்லை; அதற்கு அடியில் அந்த இரவின் பதிவு இருந்தது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டியது அந்தப் பதிவைத்தான், ஒற்றுமைச் சான்றிதழை அல்ல.