இரவல் பெருமை

நம் கூட்டங்களில் கணிப்பொறியைப் பற்றிப் பேச எழுகின்றவர்கள் இரண்டு பெயர்களைத் தவறாது உச்சரிக்கின்றனர். ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயர். மற்றது, 2015ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற, மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையின் பெயர். "அல்காரிதம் என்னும் சொல்லே நம்மவர் பெயரிலிருந்து பிறந்தது, இன்று அமெரிக்காவில் கொடி நாட்டியிருப்பவரும் நம்மவரே" என்று முடித்துக் கைதட்டல் பெற்று அமர்கின்றனர். இரண்டும் உண்மையே. ஆயினும் இரண்டும் இரவல் நகைகள். கல்யாண வீட்டில் அணிந்துகொண்டு மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியவை.

அவ்விருவரின் சிறப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்களுடைய பெயரை நாம் எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்றே கேட்கின்றோம். அல் குவாரிஸ்மி, கலீஃபா மஃமூனின் காலத்தில் பக்தாதின் அறிவு இல்லத்தில் பணியாற்றியவர். இந்திய எண்முறையை அந்நியர் கணக்கென்று ஒதுக்காமல் கற்று, அதனை விளக்கி நூல் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது ஐரோப்பியர் அதனை எடுத்துக்கொண்டு உழைத்தனர். இந்தியாவில் முளைத்து, பக்தாதில் கிளைத்து, ஐரோப்பாவில் காய்த்தது அக்கலை. அறிவென்பது வாரிசுகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கப்படும் சொத்தாக இருந்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா? உழுகின்றவனிடமே போய்ச் சேரும் நிலம் அது. நம் காலத்துக் கணிப்பொறித் தொழிலின் வரலாறும் இதனையே மெய்ப்பிக்கின்றது.

கணிப்பொறியின் உயிர்நாடியான டிரான்சிஸ்டர், 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதைக் கண்ட மூவருள் ஒருவரான ஷாக்லி, கலிபோர்னியாவுக்குச் சென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். அவருடைய போக்கைப் பொறாத எண்மர் 1957இல் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். பழத்தோட்டங்கள் நிறைந்திருந்த சாண்டா கிளாராப் பள்ளத்தாக்கு, சிலிக்கான் பள்ளத்தாக்காக மாறிய கதை அங்கே தொடங்குகின்றது. மண்ணின் மகிமை அதற்குக் காரணமன்று. பல்கலைக்கழகம் அருகிருந்தது, ஏவுகணைக்கும் விண்கலத்துக்கும் சில்லுகளை விலை பாராமல் வாங்க அரசு இருந்தது, ஒரு முதலாளியை விட்டு விலகியவன் மறுநாளே தன் பட்டறையைத் திறக்க வழியிருந்தது.

அப்பட்டறைகள் செழித்த சில ஆண்டுகளிலேயே ஒரு செருக்கும் வளர்ந்தது. "சிந்திப்பது இங்கே, கைவேலை அங்கே" என்று, கூலி மலிவாகக் கிடைத்த ஆசிய நகரங்களுக்குச் சில்லுகளைப் பொருத்தும் வேலையை அனுப்பலாயினர். 1960களில் ஹாங்காங்கில் தொடங்கிய அவ்வழக்கம் தைவானுக்கும் மலேசியாவின் பினாங்குக்கும் பரவியது. மூளை தங்களிடம் இருக்கும்வரை கை எங்கே இருந்தால் என்ன என்று எண்ணினர் போலும். கையும் கற்கும், கற்ற கை மூளைக்கும் கற்றுக்கொடுக்கும் என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

ஜப்பான் முதலில் அதைக் காட்டிற்று. இன்று சோனி எனப்படும் நிறுவனம், அமெரிக்கரிடம் உரிமம் பெற்று 1955இல் டிரான்சிஸ்டர் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1976 முதல் 1980 வரை அந்நாட்டு அரசும், தம்முள் போட்டியிட்ட நிறுவனங்களும் சேர்ந்து ஒரே ஆய்வுத் திட்டத்தில் உழைத்தன. பயன் என்ன? நினைவகச் சில்லு அமெரிக்காவில் பிறந்தது. அதை 1970இல் சந்தைக்குக் கொணர்ந்து பெயர் பெற்றது இன்டெல். அதே இன்டெல், ஜப்பானியரின் தரத்துக்கும் விலைக்கும் ஈடுகொடுக்க மாட்டாமல் 1985இல் அத்தொழிலையே கைவிட்டது. 1983இல் தென் கொரியாவின் சாம்சங் அதே தொழிலில் இறங்கியது. பத்தே ஆண்டுகளில் ஜப்பானியரையும் முந்தியது. முடி ஒருவர் தலையில் நிலைத்திருக்கவில்லை.

எனினும் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் தைவான். 1973இல் அங்கே அரசு ஒரு தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. 1976இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இயந்திரம் வாங்குவதோடு அவ்வொப்பந்தம் முடியவில்லை. இளம் பொறியாளர்கள் அமெரிக்கா சென்று, ஆலையில் நின்று தொழில் கற்றுத் திரும்ப வேண்டும் என்பது அதன் உயிர்ப்பகுதி. 1980இல் சிஞ்சு நகரில் அறிவியல் பூங்கா எழுந்தது. 1985இல் மோரிஸ் சாங் அழைக்கப்பட்டார். சீனாவில் பிறந்து, அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர் அவர். 1987இல் அவர் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தின் மூலதனத்தில் ஏறத்தாழப் பாதி அரசுடையது. கால் பங்குக்கு மேல் ஹாலந்தின் பிலிப்ஸ் கொடுத்தது. இன்டெல்லும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் முதலீடு செய்ய மறுத்துவிட்டன.

மறுத்ததில் வியப்பில்லை. பிறர் வரைந்து தரும் படத்தின்படி சில்லு செய்து கொடுப்பது மட்டுமே எம் தொழில், எம் பெயரில் ஒரு சில்லும் விற்க மாட்டோம் என்று சொன்ன நிறுவனம் அது. பெரிய வீட்டார் அதைத் தையற்கடை வேலை என்று கருதினர். இன்று ஆப்பிளும் என்விடியாவும் அத்தையற்கடையின் வாசலில் நிற்கின்றன. உலகின் மிக நுண்ணிய சில்லுகளில் பெரும்பங்கு அச்சிறு தீவிலேயே உருவாகின்றது. 1990இல் உலகச் சில்லு உற்பத்தித் திறனில் நூற்றுக்கு 37 பங்கு அமெரிக்காவிடம் இருந்தது. 2020 அளவில் அது 12 பங்காகத் தேய்ந்தது. இழந்ததை மீட்க 2022இல் சட்டம் இயற்றி 5,200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினர். அரிசோனா மாநிலத்தில் ஆலை எழுப்ப வந்ததும் அந்தத் தைவான் நிறுவனமே. மாணாக்கன் ஆசானுக்குப் பாடம் சொல்ல வந்திருக்கின்றான்.

"வடிவமைப்பும் இலாபமும் இன்னும் அமெரிக்கரிடந்தானே?" என்பர் சிலர். பெருமளவு உண்மை. ஆனால் நுண்ணிய சில்லுகளைப் புற ஊதாக் கதிரால் பொறிக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். அதற்கான ஆய்வில் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக்கூடங்களுக்குப் பெரும் பங்குண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் உழைத்து அதை விற்பனைக்குரிய பொருளாக்கியதோ, ஹாலந்தில் 1984இல் தோன்றிய ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம். இன்று இன்டெல்லுக்கும் அதுவே கதி. கருவுற்ற இடத்தைவிட, வளர்த்தெடுத்த இடமே பயனை நுகர்கின்றது.

"அப்படியாயின் ஆலைகள் நம் நாட்டுக்கு வந்தால் போதுமே" என்று வேறு சிலர் மகிழ்வர். போதாது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை திறக்கப்பட்டது, 2014இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான கைகள் பொருத்தின. பிரித்தறியவும் மாற்றிப் படைக்கவும் அவற்றுக்கு வாய்ப்பளிப்பார் இல்லை. தைவானுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மொகாலியில் நம் அரசின் சில்லு ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது, டி.எஸ்.எம்.சி. பிறப்பதற்கு மூன்றாண்டு முன்னர்! 1989இல் அது தீக்கிரையானது. தீ எவர் வீட்டிலும் பற்றும். எரிந்த வீட்டை உடனே எழுப்பும் வேகம் நம்மிடம் இல்லாததே குற்றம். 2024இல் குஜராத்தின் தோலேராவில், தைவான் நிறுவனமொன்றின் தொழில்நுட்பத்தோடு ஒரு சில்லு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே நம் இளைஞர்கள் கற்கப்போகின்றார்களா, காவல் நிற்கப்போகின்றார்களா என்பதே கேள்வி.

அரசைக் குறை கூறிவிட்டு ஓய்ந்திருக்க நமக்கு உரிமையில்லை. பட்டறையை இழிவாகக் காணும் அந்தச் செருக்கு நம் வீட்டு முற்றத்திலும் உலவுகின்றது. பாலிடெக்னிக்கில் பயிலும் மகனைப் பற்றிப் பேசும்போது நம் குரல் தாழ்கின்றது. மாப்பிள்ளை என்ன செய்கின்றார் என்று கேட்பதற்கு முன் எந்த நாட்டில் இருக்கின்றார் என்று கேட்கின்றோம். ஊர் திரும்பி ஒரு சிறு பட்டறை வைத்தவனை, "அங்கே சரிப்படவில்லையோ?" என்று துக்கம் விசாரிக்கின்றோம். பொறியியல் பட்டம் பெற்ற மகளின் சான்றிதழை அலமாரியில் வைத்துப் பூட்டுகின்றோம். மோரிஸ் சாங் ஐம்பத்து நான்காம் வயதில் தைவானுக்கு வந்தார். நம் ஊருக்கு வந்திருந்தால் அவரையும் நாம் துக்கம் விசாரித்தே அனுப்பியிருப்போம்!

எனவே நம் கல்வி அறக்கட்டளைகளுக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் ஒன்று கூறுவோம். பாராட்டு விழாக்களின் செலவைச் சில ஆண்டுகள் நிறுத்தி வையுங்கள். அப்பணத்தில் ஊருக்கு அருகிலுள்ள பாலிடெக்னிக்கில் ஒரு மின்னணு ஆய்வுக்கூடத்தை நிறுவி, அதன் கதவை மாலையிலும் திறந்து வையுங்கள். விடுமுறையில் ஊர் வரும் பொறியாளருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு மாறாக, ஒரு வாரம் அங்கே மாணவர்களோடு நிற்கச் செய்யுங்கள். அல் குவாரிஸ்மியின் பெயரை அக்கூடத்துக்குச் சூட்ட விரும்பினால் சூட்டிக்கொள்ளுங்கள். அப்போது அதில் எவருக்கும் மறுப்பிராது.