எந்த கேமுக்கு சார்?

ரிச்சி தெருவில் போய் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது, "எந்த கேமுக்கு சார்?" கேம் எதுவும் இல்லை, வீட்டில் சேர்த்துவைத்திருக்கும் வீடியோக்களை டிவியிலும் போனிலும் பார்க்க ஒரு சர்வர் ஓடுகிறது, அதற்குத்தான் என்று சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "அதுக்கு எதுக்கு சார் பெரிசு, இதை எடுத்துக்குங்க" என்று அலமாரியிலேயே விலை குறைந்ததை நீட்டுவார். அல்லது, "எதுக்கும் நல்லதாவே போட்டுடுங்க" என்று ஒரு மாதச் சம்பளத்துக்கு நிகரான ஒன்றைக் காட்டுவார். இரண்டையுமே நம்பி வாங்க முடியாது. அவர் மேல் குற்றமில்லை. கேமை வைத்துத்தான் ஊரே கார்டை எடைபோடுகிறது.

பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற சர்வர் மென்பொருள்களின் வேலை எளிது. டிவியோ போனோ ஒரு வீடியோவைக் கேட்கும். அந்த வடிவத்தை அதனால் இயக்க முடியுமென்றால் சர்வர் கோப்பை அப்படியே அனுப்பிவிடும். இதற்குப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே போதும், கார்டெல்லாம் வேண்டாம். முடியாதென்றால்தான் வம்பு. வீடியோவைப் பிரித்து, தேவைப்பட்டால் அளவைக் குறைத்து, வேறு வடிவில் மறுபடி சுருக்கி, பார்க்கிறவர் காத்திருக்காத வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்பது இதுதான். 4கே வீடியோவைப் பழைய பிராசசர் தனியாக இப்படிச் செய்யப்போனால் ஃபேன் அலறும், படம் நின்று நின்று வரும்.

இந்த வேலைக்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி உண்டு. இன்டெல் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களில் குயிக் சிங்க் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் என்விடியா தன் கெப்ளர் கார்டுகளில் என்வென்க் என்று வைத்தது. கேம் ஓட்டும் ஆயிரக்கணக்கான கோர்கள் வேறு, இது வேறு. கல்யாண மண்டபம் எவ்வளவு பிரமாண்டமாக இருந்தாலும் ஓரத்தில் காபி போடுகிற இடம் ஒன்றுதான். மண்டபத்தின் வாடகையை வைத்துக் காபியைச் சொல்ல முடியாது. ஆர்டிஎக்ஸ் 4060-இலும் 4090-இலும் இருப்பது ஒரே தலைமுறை என்கோடர். 4090-இல் அது இரண்டு இருக்கிறது, அவ்வளவுதான். விலையோ பல மடங்கு.

கீழ்க்கோடியில் நிலைமை இன்னும் மோசம். கடைக்காரர் நீட்டும் அந்த மலிவான கார்டு பெரும்பாலும் ஜிடி 1030. அதில் வீடியோவைப் பிரிக்கத் தெரியும், மறுபடி சுருக்கும் என்கோடர் கிடையாது. 2022-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400-உம் அப்படித்தான். என்கோடரும் இல்லை, ஏவி1 என்ற புதிய வடிவ வீடியோவைப் பிரிக்கும் வசதியும் இல்லை. புதிது, சின்னது, மின்சாரம் குறைவு என்று வாங்கிவந்து சொருகினால் பிராசசர் பழையபடியே மாரடித்துக்கொண்டிருக்கும். ஜிடிஎக்ஸ் 1650-இல் இன்னொரு நெளிவு: கார்டு டூரிங் தலைமுறை, ஆனால் முதலில் வந்தவற்றில் என்கோடர் அதற்கு முந்தைய தலைமுறை. பெட்டியின் மேல் இதெல்லாம் எழுதியிருக்காது.

கார்டைத் தேடுவதற்கு முன்னால் பிராசசரின் பெயரைப் பார்க்கச் சொல்வேன். அண்ணன் மகன் போன மாதம் கூப்பிட்டு, "சித்தப்பா, சர்வருக்கு எந்த கார்டு வாங்கறது?" என்றான். "பிராசசர் பேர் கடைசில எஃப் இருக்கான்னு பாருடா." "ஆமா சித்தப்பா, 12400எஃப்." கேமுக்காக அசெம்பிள் செய்த மெஷின்களில் இது சகஜம். தனியாக கார்டு போடத்தானே போகிறோம் என்று, உள்ளே கிராபிக்ஸ் இல்லாத எஃப் ரகத்தைக் கொஞ்சம் குறைந்த விலைக்கு எடுத்துவிடுவார்கள். அந்த எஃப் மட்டும் இல்லாமலிருந்தால் யுஎச்டி 730 என்ற கிராபிக்ஸ் உள்ளேயே இருந்திருக்கும், குயிக் சிங்க்கோடு. ஒரு வீட்டின் தேவைக்கு அது தாராளம். அவனுக்கு கார்டு வேண்டியிருந்தது. கேட்கிற பலருக்கு வேண்டியிருக்காது.

ஏழாம் தலைமுறை, அதாவது கேபி லேக் முதல் வந்த இன்டெல் பிராசசர்கள் 10-பிட் எச்இவிசி வடிவ வீடியோவையும் வன்பொருளிலேயே கையாளும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இப்படிப்பட்டவை ஏராளம். புதிதாகவே வாங்குவதென்றால் என்100 பிராசசர் போட்ட மினி பிசி. 6 வாட் சிப், ஏவி1 வரை பிரிக்கும், ஒன்றிரண்டு 4கே வீடியோக்களை ஒரே நேரத்தில் மாற்றித் தரும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் நான்கு பேரும் ஒரே சமயத்தில் நான்கு 4கே படங்களை மாற்றிப் பார்க்கும் நாள் வந்தால் அன்றைக்கு கார்டைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டில் உண்மையில் என்ன வீடியோ இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கல்யாண டிவிடியை எடுத்துக்கொள்ளுங்கள். எம்பெக்-2 வடிவம், 720க்கு 576 புள்ளிகள். குரோம் போன்ற பிரவுசர்களில் அது ஓடாது, ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். ஒன்று விட்டு ஒன்று கோடுகளாகப் பதிந்த படம் வேறு. அதைச் சேர்க்காவிட்டால் மாப்பிள்ளை தலையைத் திருப்பும்போதெல்லாம் முகத்தில் சீப்புப் பல் தெரியும். ஆனாலும் இவ்வளவு சிறிய படத்தை எந்தப் பிராசசரும் அலட்டாமல் செய்துவிடும். தொல்லை தருவது இன்றைய போன்கள் எடுக்கும் வீடியோதான். 2020-இன் ஐபோன் 12 முதல் டால்பி விஷன் எச்டிஆரில் பதிகிறது. அதைப் பழைய டிவிக்கு அப்படியே மாற்றி அனுப்பினால் பட்டுப்புடவையெல்லாம் சோகையாக, வெளுத்துத் தெரியும். நிறத்தைச் சரிக்கட்டும் டோன் மேப்பிங் செய்ய வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் கார்டின் பொதுவான பலமும் கொஞ்சம் கணக்கில் வரும்.

சப்டைட்டிலும் சத்தமில்லாமல் வேலை வைக்கும். புளூ-ரே வட்டுகளில் அது எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கிறது. அதைக் காட்டத் தெரியாத சாதனத்துக்கு முழு வீடியோவிலும் பதித்துத்தான் அனுப்ப முடியும். சப்டைட்டிலை நிறுத்தினால் டிரான்ஸ்கோடிங்கும் நின்றுவிடும். எழுத்தாகவே உள்ள எஸ்ஆர்டி கோப்பாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் சப்டைட்டிலைப் பதிக்க வேண்டி வந்தால் சர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒரு எழுத்துரு இருக்கட்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும்.

சரி, கார்டு வேண்டும்தான் என்றால்? என் ஓட்டு இன்டெல் ஆர்க் ஏ310 அல்லது ஏ380. கேமர்கள் திரும்பிப் பார்க்காத கார்டுகள். ஆனால் பெரிய ஏ770-இல் உள்ள அதே தலைமுறை வீடியோ எஞ்சின் இவற்றிலும் உண்டு. இரண்டுமே 75 வாட் ரகம். ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டாம். ஏவி1-இல் சுருக்கவும் தெரியும் என்று விளம்பரம் செய்வார்கள். அதற்காக நான் காசு கொடுக்க மாட்டேன். ஏவி1 தெரிந்த டிவிக்கு எச்இவிசியும் தெரிந்தே இருக்கும். ஏவி1-ஐப் பிரிக்கத் தெரிவதுதான் வரும் வருடங்களுக்குத் தேவை. ஏஎம்டி கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்தலாம், இதற்கென்று தேடிப்போய் வாங்க வேண்டாம். எச்.264 சுருக்கும் தரத்தில் மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் அது நெடுநாள் பின்னாலேயே இருந்திருக்கிறது.

என்விடியாவில் ஒரு கூத்து. ஒரே நேரத்தில் இத்தனை வீடியோதான் சுருக்கலாம் என்று வீட்டு உபயோக கார்டுகளுக்கு ஒரு வரம்பு. ஆரம்பத்தில் 2, அப்புறம் 3, 2023-இல் 5, 2024-இல் 8. கார்டு மாறவில்லை, டிரைவர் மென்பொருள்தான் மாறியது. குவாட்ரோ பி2000 போன்ற பணிநிலைய கார்டுகளுக்கு இந்த வரம்பு கிடையாது. அதனால்தான் வீட்டு சர்வர்க்காரர்கள் அதைப் பல வருடம் துரத்தித் துரத்தி வாங்கினார்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தத் துரத்தல் தேவையில்லை.

மென்பொருள் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளெக்ஸில் கார்டைப் பயன்படுத்தி டிரான்ஸ்கோடிங் செய்ய பிளெக்ஸ் பாஸ் சந்தா கட்ட வேண்டும். எம்பி என்ற சர்வர் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் சிலர் பிரிந்துபோய்த் தொடங்கிய ஜெல்லிஃபினில் அது இலவசம்.

கடையில் யாரும் சொல்லாத செலவு மின்சாரம். சர்வர் நாள் முழுக்க ஓடும், கார்டு வேலை செய்வதோ மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம். சும்மா இருக்கும்போது கூடுதலாக 20 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 29 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கணக்கும் மாறிவிடும் என்பது ஏசி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆர்க் கார்டுகளின் பலவீனமே இந்தச் சும்மா இருக்கும் நேரத்துச் செலவுதான். பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற அமைப்பை இயக்கினால் குறையும், ஆனால் எல்லா மதர்போர்டும் அதற்கு ஒழுங்காக ஒத்துழைக்காது.

அண்ணன் மகன் ஏ380 வாங்கிவிட்டான். போட்டு முடித்ததும் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறக்கச் சொன்னேன். எந்த வீடியோ நேரடியாகப் போகிறது, எது மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று அங்கேயே காரணம் எழுதியிருக்கும். அவன் வீட்டில் மாறியதில் பாதி, ஹாலில் இருந்த பழைய டிவி எச்இவிசி தெரியாமல் கேட்டது. "அப்ப கார்டுக்குப் பதிலா டிவிக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கியிருக்கலாமா சித்தப்பா?" என்றான். வாங்கியிருக்கலாம், மீதிப் பாதி சிங்கப்பூரிலிருந்து பார்க்கிற அவன் அக்காவுடையதாக இல்லாமலிருந்தால். வீட்டு இணைய இணைப்பின் அப்லோட் வேகத்துக்குள் 4கேவை அடக்க ஸ்டிக்கால் முடியாது.