வாங்குபவரின் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள்



பெருநாள் விடுமுறை முடிந்து நூம்பலில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸா மீண்டும் திறந்தபோது ஒரு மாணவன் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை. நோன்புக் காலத்தில் ஒருநாளும் தவறாமல் வந்தவன். மூன்றாம் நாளும் காணாததால் வீடு தேடிச் சென்று விசாரித்தோம். அவனுடைய தாயார் கதவோரம் நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஸரத், பெருநாள் சாமான் வாங்க நான் வரிசையில நின்ன போட்டோ எல்லார் போன்லயும் வந்துடுச்சு. கூட ஓதுற பிள்ளைங்க கிண்டல் பண்றாங்களாம். வெளியே போகவே மாட்டேங்கிறான்."

அந்தப் படத்தை நாமும் பார்த்திருந்தோம். பின்னால் பெரிய பேனர். அதில் கொடுத்தவர்களின் பெயர்களும் முகங்களும். முன்னால் நீள மேசை. அதன்மேல் அரிசி, சேமியா, சர்க்கரை, எண்ணெய் நிரம்பிய பைகள். ஒரு பையை நான்கு கைகள் பிடித்திருக்க, ஐந்தாவது கையாக அந்தத் தாயின் கை. அவர் முந்தானையால் முகத்தை மறைக்க முயன்றதும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில், துஆ ஓத அழைக்கப்பட்டிருந்த நாமும் நின்றிருந்தோம். ஆகவே கீழே வரும் கண்டனம் பிறர்மீது மட்டும் எறியப்படும் கல்லன்று. அதன் முதல் அடி நம்மீதே விழுகிறது.

நம் சமூகம் கொடுப்பதில் குறை வைத்ததில்லை. ரமலான் பிறந்துவிட்டால் நோன்புக் கஞ்சிக்கு அரிசி, இறைச்சி, மசாலா எனத் தேடித் தேடிக் கொடுக்கிறார்கள். இளைஞர்கள் வேலை முடிந்து வந்து இரவு முழுவதும் பொருள்களைப் பொட்டலம் கட்டுகிறார்கள். அந்த உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நாம் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு வாரத்திற்கான அரிசியைக் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகளாகக் காத்துவந்த கண்ணியத்தை விலையாக வாங்கிக்கொள்வது எந்த ஊர் வியாபாரம்?

அல்லாஹ்வின் வேதம் இதில் மயக்கத்திற்கு இடம் வைக்கவில்லை. சூரத்துல் பகராவின் 264ஆம் வசனம், கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் வாங்கியவரைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று முஃமின்களை எச்சரிக்கிறது. அத்தகைய தர்மத்தை, வழுக்குப்பாறைமேல் படிந்த மண்ணுக்கு அவ்வசனம் ஒப்பிடுகிறது. பெருமழை பெய்தால் மண் கரைந்து பாறை மட்டுமே எஞ்சும். சொல்லிக்காட்டுவதென்றால் வாயால் சொல்வது மட்டுந்தானா? ஒருமுறை எடுத்து, நூறு குழுக்களுக்கு அனுப்பி, அடுத்த ஆண்டு வசூலுக்கு மீண்டும் காட்டப்படும் புகைப்படம், ஓயாமல் சொல்லிக்காட்டும் நாவன்றோ?

அர்ஷின் நிழலில் இடம்பெறும் எழுவரில் ஒருவராக, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு மறைத்துக் கொடுப்பவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். இந்த நபிமொழியை ஒவ்வொரு ரமலானிலும் மிம்பரில் கேட்கிறோம். கேட்டுவிட்டு இறங்கி வந்து, வலக்கை கொடுப்பதை இடக்கையால் படம் பிடிக்கிறோம்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் காரணங்களை நாம் அறிவோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்" என்பது. கணக்குக் காட்டுவது அமானிதம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்பது கடை ரசீதிலும், வரவு செலவுப் புத்தகத்திலும், இரண்டு நம்பிக்கையாளர்களின் கையெழுத்திலும் இருக்கிறது. ஒரு விதவையின் முகம் எப்போது ரசீது ஆயிற்று? அடுக்கி வைத்த மூட்டைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், எவருக்கும் நோவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால்தான் பணம் தருவேன் என்று ஒருவர் சொல்வாராயின், அவர் கேட்பது கணக்கன்று, காட்சி.

இரண்டாவது, "பார்ப்பவர்களுக்கும் கொடுக்கத் தோன்றும்" என்பது. இதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் ஜரீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவத்தை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. முளர் கூட்டத்தார் காலணியின்றி, போதிய ஆடையின்றி மதீனா வந்தபோது நபி (ஸல்) அவர்களின் திருமுகம் வாடிப்போயிற்று. தொழுகைக்குப்பின் மக்களைத் தர்மம் செய்யத் தூண்டினார்கள். அன்ஸாரித் தோழர் ஒருவர் தூக்க முடியாத பை ஒன்றைச் சுமந்துவர, அதைக் கண்டு ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுவந்து உணவும் துணியும் இரண்டு குவியல்களாயின. திருமுகம் மலர்ந்தது. நற்செயல் ஒன்றைத் தொடங்கிவைத்தவருக்கு, அவரைப் பின்பற்றியோரின் கூலியும் உண்டு என்ற நன்மாராயம் அப்போதுதான் சொல்லப்பட்டது.

இந்தச் சம்பவத்தை ஊன்றிப் படியுங்கள். அங்கே பிறர் பார்க்க நடந்தது கொடுப்பவரின் செயல். வாங்கியவர்களை வரிசையில் நிறுத்தி எவரும் காட்டவில்லை. அவர்களுடைய வறுமையைக் கண்டு நபியின் முகம் வாடியது. நம் படங்களிலோ அதே வறுமையின் பக்கத்தில் நின்று நாம் புன்னகைக்கிறோம். பகராவின் 271ஆம் வசனம் வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லதென்கிறது. மறைத்துக் கொடுப்பதை அதனினும் மேலானதென்கிறது. வெளிப்படுத்த விரும்பினால் உங்கள் கொடையை வெளிப்படுத்துங்கள். அடுத்தவரின் வறுமையை வெளிப்படுத்த உங்களுக்கு உரிமை தந்தவர் யார்?

மூன்றாவது, "வரிசையும் டோக்கனும் இல்லையென்றால் ஒரே வீட்டார் இரண்டு மூன்று முறை வாங்கிவிடுவார்கள்" என்பது. வாங்கட்டுமே! இரண்டு பை அரிசி கூடுதலாகப் போவதால் பைத்துல்மால் திவாலாகாது. அதைத் தடுக்கவும் பொறுப்பாளர் கையில் ஒரு பதிவேடு போதும். ஒருவர் ஏமாற்றிவிடுவாரோ என்ற அச்சத்தால் உண்மையான ஏழைகளின் தலையைக் குனியவைப்பது நியாயமாகாது.

இந்த வரிசை முறையில் இன்னொரு பெருங்குறை உண்டு. வரிசையில் வந்து நிற்கத் துணிந்தவருக்கே அது கொடுக்கிறது. அல்லாஹ்வோ, பகராவின் 273ஆம் வசனத்தில், தன்மானத்தால் கேளாதிருப்பவர்களை அறியாதவர் செல்வந்தர் என்று எண்ணிவிடுவார். அவர்களை அடையாளத்தால் அறிந்துகொள்ள வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கிறான். ஓரிரு கவளத்திற்காக வீடு வீடாகச் சுற்றுபவரல்லர் மிஸ்கீன். தேவை நிறையாமலும், பிறர் அறிந்து கொடுக்க வழியில்லாமலும், தாமாக எழுந்து கேளாமலும் இருப்பவரே மிஸ்கீன் என்று நபி (ஸல்) அவர்களும் விளக்கினார்கள். ஆக, தேடிச் செல்லும் கடமை கொடுப்பவருடையது. நாம் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, தேடிவரும் வேலையை ஏழையின் தலையில் வைத்துவிட்டோம்.

நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு, அம்பத்தூர் போன்ற புறநகர்களில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. இங்கே பெரும்பாலோர் வாடகைக்கு வந்தவர்கள். ஆட்டோ ஓட்டுபவர், தையற்கூலி, கம்பெனிகளில் ஒப்பந்த வேலை செய்பவர், வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் என்று பலர். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் வேறு தெரு, வேறு மஹல்லா. சந்தா கட்டாததால் ஜமாஅத் பதிவேட்டில் பெயரில்லை. பெயரில்லாததால் டோக்கன் இல்லை. "நீங்கள் எந்த ஜமாஅத்?" என்ற ஒரு கேள்வியோடு அவர்களைத் திருப்பி அனுப்பியதை நாமே கண்டிருக்கிறோம். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் பட்டியலிடுகிறது. அதில் வழிப்போக்கருக்கும் கடனாளிக்கும் இடமுண்டு. சந்தா கட்டியவர் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

மறைத்துக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்வோருக்கு நம் வரலாறே பதில். ஹுஸைன் (ரலி) அவர்களின் திருமகனார் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இரவின் இருளில் உணவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்து மதீனாவின் ஏழை வீடுகளுக்குச் சேர்ப்பித்தார்கள். எங்கிருந்து வருகிறதென்று அவ்வீட்டார் அறியார். அவர்கள் மறைந்து, இரவில் வந்த உணவு நின்றபோதுதான் கொடுத்தவர் யாரென்று ஊருக்குத் தெரிந்தது. குளிப்பாட்டியோர் முதுகில் மூட்டை சுமந்த தழும்புகளைக் கண்டார்கள்.

அது அந்தக் காலம் என்பீர்களானால், 2020ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கால் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச முடியாமற்போனது. அரசு ஆண்டுதோறும் தரும் பச்சரிசி அவ்வாண்டு 5,450 மெட்ரிக் டன், 2,895 பள்ளிவாசல்களுக்கு ஒதுக்கப்பட்டு, தன்னார்வலர்கள் வழியே வீடுகளுக்கே பிரித்துக் கொடுக்க ஏற்பாடாயிற்று. கூட்டம் கூடத் தடையிருந்ததால் வரிசை இல்லை, மேடை இல்லை. நோய்க்கு அஞ்சி நம்மால் வீட்டு வாசலுக்குச் செல்ல முடிந்தது. அல்லாஹ்வுக்கு அஞ்சிச் செல்ல ஏன் முடியவில்லை?

நம் நகரிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில், ரமலான் மாலைகளில் இஃப்தார் உணவு பரிமாறுபவர்களில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள் இருக்கிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. இந்துச் சகோதரர்களான அவர்கள் தலையில் தொப்பி அணிந்து, பல பத்தாண்டுகளாக நோன்பாளிகளுக்குச் சேவை செய்துவருகிறார்கள். அங்கே உண்பவர் எவரும் தம் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. பயணியும் வியாபாரியும் கூலியாளும் ஒரே தரையில் அமர்ந்து உண்கிறார்கள். வாங்குபவரை விருந்தினராக நடத்துவதை, நம் மார்க்கத்தைச் சாராத அயலார் நமக்குச் செய்துகாட்டுகிறார்கள். வெட்கப்படுவோம், கற்றுக்கொள்வோம்.

கண்டித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஆலிமுக்கு அழகன்று. ஆகவே அடுத்த ரமலானுக்கு முன் ஒவ்வொரு மஹல்லாவும் செய்யத்தக்கவற்றை முன்வைக்கிறோம்.

ஷஃபான் மாதத்திலேயே, நா காக்கத் தெரிந்த இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் தெருத்தெருவாகச் சென்று நிலைமை அறியட்டும். வாடகை வீடுகளைத் தவறவிட வேண்டாம். பெண்கள் கட்டாயம் வேண்டும். ஆணிடம் சொல்லத் தயங்கும் தேவையை ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் சொல்லிவிடுவாள். பதிவேடு அந்த நால்வரைத் தாண்டக் கூடாது. நிர்வாகிகளுக்குத் தொகை மட்டும் தெரிந்தால் போதும்.

பையைவிடப் பணம் மேலான இடங்களில் ஜகாத்தையும் ஸதக்காவையும் பணமாகவே கொடுங்கள். அரிசி இருக்கும் வீட்டில் வாடகை பாக்கி இருக்கலாம். சேமியா இருக்கும் வீட்டில் மருந்து இல்லாமலிருக்கலாம். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு தொகையைக் கட்டிவைத்தால், அவர்களும் மற்றவர்களைப் போலவே கடைக்குப் போய் வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பது ஜகாத் என்று வாங்குபவரிடம் அறிவிக்க வேண்டியதில்லை என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் தெளிவுபடுத்தியுள்ளார்கள். மனத்தில் நிய்யத் போதும்.

ஃபித்ராவைக் கடைசி நேரத்திற்குத் தள்ளாதீர்கள். பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது நபியின் கட்டளை. ஸஹாபாக்கள் ஓரிரு நாள் முன்னதாகவே கொடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். பிறை கண்ட இரவில் பதினொரு மணிக்குக் கைக்கு வரும் அரிசியைக் கொண்டு அந்தத் தாய் எப்போது சமைப்பார்? துணிக்கான உதவி பெருநாளன்று வந்தால் எந்தத் தையற்காரர் தைத்துக் கொடுப்பார்?

ஷவ்வால் பிறந்ததும் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழையால் தினக்கூலி நின்றுபோகிறது. ஏழைக்குப் பசி பிறை பார்த்து வருவதில்லை.

அண்டை வீட்டு இந்து, கிறித்தவக் குடும்பங்களையும் மறவாதீர்கள். ஜகாத்திற்கு வரம்புகள் உண்டு. ஸதக்காவுக்கு அந்த வரம்பில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்தன. அப்போது உள்ளே வந்தவரிடம் யாரும் பெயர் கேட்டு வடிகட்டவில்லை. அந்தக் கதவை வெள்ளம் வராத நாளிலும் திறந்து வைப்போம்.

இறுதியாக, படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதுவரை பகிர்ந்த படங்களை இன்றே அழித்துவிடுங்கள். நாம் இருக்கும் குழுக்களில் அந்தப் படத்தை அழிக்கச் செய்துவிட்டோம். எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் அது போய்விடாது என்பதையும் அறிவோம். அந்தத் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்ன செய்வீங்க ஹஸரத், நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சாங்க" என்றார். கொடுத்த நம்மைவிட, வாங்கிய அவர் பெருந்தன்மை உடையவராக இருந்தார்.

அந்தப் பிள்ளை இன்னும் மத்ரஸாவுக்கு வரவில்லை. அஸர் தொழுததும் நாமே அவன் வீட்டுக்குச் சென்று ஓதிக்கொடுத்து வருகிறோம். அவன் மீண்டும் தலைநிமிர்ந்து நம் வாசல் ஏறும் நாளில்தான், அன்று நாம் ஓதிய துஆவுக்கு ஆமீன் சொல்லும் துணிவு நமக்கு வரும்.

யா அல்லாஹ், எங்கள் தர்மங்களை முகஸ்துதியிலிருந்தும் பிறர் மனம் நோகச் செய்வதிலிருந்தும் காப்பாயாக! உன் அடியார்களின் மானத்தைக் காக்கும் கைகளாக எங்கள் கைகளை ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.