நல்ல தண்ணீர் வீட்டுக்கும் வேண்டும்



நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது. அதனால் சீமெந்து குழைக்க உவர்க்கிணற்றுத் தண்ணீரை அள்ளுவதை நான் காண்கிறேன். பழைய கோட்டையின் முருகைக்கல் சுவருக்குள் கம்பி இல்லை. எங்கள் தூணிலும் லிண்டலிலும் கம்பி உண்டு. உப்புத் தண்ணீரும் கழுவாத கடல் மணலும் அதைக் கறள் பிடிக்க வைக்கும். கறள் பிடித்த கம்பி பருத்து, கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும்.

கம்பி போடும் வேலைக்காவது நன்னீர் எடுங்கள். கலவை இளகட்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் விட்டால் பலம் குறையும். இறுகிய பின்தான் தண்ணீர் தேவை: ஈரச்சாக்கால் மூடி, மேலே பொலித்தீன் விரித்து, 7 நாளாவது காயாமல் வைத்திருங்கள். இப்படிச் செய்தால் கொஞ்சத் தண்ணீரே போதும்.

வேலை முடிய மேசன் போய்விடுவார். அந்தக் கூரையின் கீழ் படுப்பது நீங்களும் பிள்ளைகளும்தான். பக்கத்தில் நின்று பாருங்கள்; கேட்கக் கூச்சப்படாதீர்கள்.