வாக்குகளுக்குப் பிறகு ஒரு குரல்

2003 மே மாதம் 'அமெரிக்கன் ஐடல்' இரண்டாம் பருவத்தின் இறுதிச் சுற்றில் பதிவான வாக்குகள் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம். சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் கிளே ஐக்கனை வென்றார், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் வளர்ந்த ரூபன் ஸ்டடார்ட். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான அவரது முதல் இசைத்தொகுப்பு 'சோல்ஃபுல்' பில்போர்ட் பட்டியலில் நேரடியாக முதலிடம் பிடித்தது. மறு ஆண்டே 'ஐ நீட் ஆன் ஏஞ்சல்' என்ற காஸ்பெல் தொகுப்பைக் கொண்டுவந்தார். காஸ்பெல் பட்டியலில் முதலிடம் பெற்ற அத்தொகுப்பு, பொதுப்பட்டியலில் முந்தையதன் உயரத்தை எட்டவில்லை. 2006இல் வந்த மூன்றாம் தொகுப்புக்குப் பின் இசை நிறுவனமும் அவரைக் கைவிட்டது.

இவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு வீழ்ச்சியின் கதை எளிதாகக் கிடைத்துவிடும். அந்த வாசிப்போடு எனக்கு உடன்பாடில்லை.

சோல் இசையின் தாய்மடி, கறுப்பின மக்களின் தேவாலயம். 1950களில் ரே சார்ல்ஸ் காஸ்பெல் மெட்டுகளுக்கு உலகியல் காதலைப் பொருளாக்கினார். 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவில் காஸ்பெல் பாடிவந்த சாம் குக் 1957இல் வெகுஜன இசைக்கு வந்தபோது, தேவாலய ரசிகர்கள் அதைத் துரோகமாகக் கருதினர். எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. புகழின் உச்சியிலிருந்த அரேதா ஃபிராங்க்ளின், 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் 'அமேசிங் கிரேஸ்' தொகுப்பைப் பதிவுசெய்தார். அவரது தொகுப்புகளிலேயே அதிகம் விற்றது அதுதான். அதை யாரும் பின்வாங்கல் என்று சொல்வதில்லை. ஸ்டடார்டுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

போட்டி மேடை பாடகனைத் தனியனாக்குகிறது; வாரந்தோறும் ஒருவர் வெளியேறியாக வேண்டும். காஸ்பெலில் பாடகன் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, கூட்டம் மறுமொழி பாடுகிறது. அங்கே வெளியேற்றப்படுபவர் எவருமில்லை. போட்டியில் வென்ற கையோடு இத்தகைய இசைக்குத் திரும்பிய ஒருவரை விற்பனை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது விமர்சனமாகாது. அது கணக்கெழுதும் வேலை.

புகழ் தணிந்தபின்னும் ஸ்டடார்ட் பாடாமல் இருக்கவில்லை. 2018இல் தன் ஆதர்சமான லூதர் வான்டிராஸின் பாடல்களை மட்டுமே கொண்ட தொகுப்பை வெளியிட்டார். இரவல் குரல் என்று சிலர் சொல்லக்கூடும். முன்னோரின் பாட்டைத் தன் குரலில் காப்பாற்றுவதும் ஒரு மரபுதான்.

2023இல் ஸ்டடார்டும் ஐக்கனும் சேர்ந்தே இசைச் சுற்றுப்பயணம் மேற்கொண்டனர். இருபது ஆண்டுகளுக்குமுன் அவர்களைப் பிரித்த அந்த வாக்கு வித்தியாசத்துக்கு அந்த மேடையில் எந்த வேலையும் இல்லை.